இரண்டே பேரை வைத்து சஸ்பென்ஸ் நாடகம் எழுதுவது எப்படி

மேடையில் இரண்டே பேர், அதில் ஒருவர் பொய் சொல்கிறார். இப்படி ஒரு நாடகம் எழுத உட்காருகிறவர்கள் பலரும் கடைசித் திருப்பத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். வசனம் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால், உண்மையில் நடந்தது என்ன என்று நாள், நேரத்தோடு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். யார் எதை மறைக்கிறார், அது வெளியே வந்தால் அவருக்கு என்ன போகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அடுத்தது கதவு. இவ்வளவு வாக்குவாதம் நடக்கிறதே, எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிட்டால் நாடகம் அங்கேயே தளர்ந்துவிடும். வெளியே மழை, பூட்டிய கதவு என்று காரணம் சொல்லலாம்தான், ஆனால் போக நினைப்பவருக்கு வேண்டிய ஒன்று எதிரில் இருப்பவரிடம் இருந்தால் கதவு திறந்தே கிடந்தாலும் அவர் போகமாட்டார், அதுதான் பலமான பூட்டு.

இனி பொய். அதைப் பிடிக்கிற வேலையைப் பார்வையாளரிடம் விட்டுவிடுங்கள். அப்பாவின் காரியம் முடிந்த இரவு, அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா வீட்டை அக்கா பெயருக்கு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"கையெழுத்துப் போடும்போது அப்பாவுக்கு நினைவு இருந்ததாக்கா?"

"நல்லா இருந்ததுடா. கண்ணாடியப் போட்டு, முழுக்கப் படிச்சுட்டுத்தான் போட்டார்."

பேச்சு வேறு எங்கெங்கோ போகிறது, சாமான்களை எடுத்து வைக்கிறார்கள், அப்போது அக்கா:

"இந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உடைஞ்சுது. அப்புறம் அப்பா கண்ணாடியே போடல."

இந்த இடத்தில் தம்பி "பொய் சொல்றியா?" என்று கத்தினால் எல்லாம் போச்சு. கண்ணாடியை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, மேசைமேல் வைக்கட்டும். ஒரு வார்த்தை வேண்டாம். அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்பதே அடுத்த கால் மணி நேரத்துக்குப் போதும்.

ஒத்திகையில் அக்காவாக நடிப்பவரிடம் ஒன்றைத்தான் சொல்வேன்: திருட்டு முழி வேண்டாம். பொய் சொல்கிறவர் தன்னை நம்பவைக்கத்தானே பாடுபடுகிறார், அதை மட்டும் செய்தால் போதும். காட்சிக்குக் காட்சி விளக்கை அணைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இருட்டிலும் பார்க்கிறவர் மூச்சு விட்டுக்கொள்கிறார்.

நோட்டீஸில் என்ன போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 1970-இல் லண்டனில் மேடையேறிய ஆந்தணி ஷாஃபரின் 'ஸ்லூத்' என்ற, இரண்டே பேர் நடிக்கும் சஸ்பென்ஸ் நாடகத்தின் நிகழ்ச்சித் தாளில், இல்லாத நடிகர்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். திரை விலகும் முன்பே ஏமாற்று தொடங்கிவிட்டது!

கடைசியாக, கதை தெரியாத நாலு பேரை உட்காரவைத்துப் பிரதியைச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, யாரை நம்புகிறீர்கள் என்று கேளுங்கள். நாலு பேரும் ஒரே பெயரைச் சொன்னால், மற்றவருக்கு இன்னும் நல்ல வசனம் எழுத வேண்டியிருக்கிறது.