மூடிய கிணறும் முப்பதடி ரோடும்: காலி மனையில் ஃபிளாட் கட்டுவோர் செய்யும் தவறுகள்

பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, வாரிசுகள் பேசி முடிக்கும்வரை ஐந்தாறு வருடம் சும்மா கிடக்கும் இரண்டு, மூன்று கிரவுண்டு மனைகள் சென்னையில் எல்லாப் பேட்டையிலும் உண்டு. இப்போது அவற்றில்தான், கீழே கார் நிறுத்தத் தூண்மட்டும் நிற்கும் ஸ்டில்ட் போட்டு நாலு மாடி எழும்புகிறது. முதல்முறை இதில் இறங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று காகிதத்தில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சொல்ல வக்கீல் இருக்கிறார். இங்கே எழுதுவது வக்கீல் கண்ணில் படாதவை.

பத்திரத்தில் 30 அடி ரோடு

பத்திரத்தில் இருப்பது 30 அடி. டேப்பில் வருவது 29 அடி 2 அங்குலம். எதிர்வீட்டுக்காரர் எப்போதோ காம்பவுண்டுச் சுவரைக் கொஞ்சம் முன்னே தள்ளிக் கட்டியிருப்பார். என்ன போச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் குடியிருப்புக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். ரோடு 9 மீட்டருக்குக் குறையாமலும் 12 மீட்டருக்கு உள்ளேயும் இருந்தால், பணம் கட்டி அதற்குமேல் 30 சதவீதம் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி மனையில் அந்த 30 சதவீதம் 4,320 சதுர அடி. நாலு ஃபிளாட். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலம் கூட. 30 அடி ரோட்டில் மிச்சம் இருப்பது ஐந்தரை அங்குலம்தான்.

நிலச் சொந்தக்காரரிடம் பங்கு பேசுவதற்கு முன்பே லைசென்ஸ் சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். மனை வாசலில் மட்டும் டேப் பிடித்துவிட்டு வரக்கூடாது. மெயின் ரோட்டுச் சந்திப்புவரை, குறுகலான இடங்களையும் சேர்த்து அளக்க வேண்டும். 60:40 என்று கையெழுத்துப் போட்டபின் அந்த 4,320 அடி போனால், போவது பில்டர் பங்கிலிருந்துதான்.

மூடிய கிணறு

திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் ஒரு நாள் ஜேசிபி வாடகையில் தப்பித்திருக்கலாம்.

பழைய தனிவீடு என்றால் கிணறு இருந்திருக்கும், பெரும்பாலும் ஈசானிய மூலையில். வீட்டை இடிக்கிறவருக்குத் தேக்கு நிலையும் கம்பியும் முழுச் செங்கல்லும் காசு. உடைந்த செங்கல்லும் காரையும் செலவு. லோடு அடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். பக்கத்திலேயே கிணறு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே தள்ளி, மேலே அரையடி சவுடு பரப்பினால் வேலை முடிந்தது. நாலு மழைக்காலத்தில் எருக்கு முளைத்து, இருந்த அடையாளமே போய்விடும்.

அப்படித் தள்ளிய ரப்பீஸ் இறுகி உட்காராது. பெரிய சுவர்த்துண்டுகள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும், நடுவே வெற்றிடம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி இறங்கும்போது பொடி கரைந்து கீழே போகும், துண்டுகள் நழுவும். ஒரு மழையில் அரை அங்குலம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு இறங்கலாம்? அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904, தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங் (அடித்தளம்) போட்ட கான்கிரீட் கட்டடத்துக்குச் சொல்வது, தூண் இடைவெளியில் 0.0015 பங்கு. தூண்கள் 4 மீட்டர் தள்ளி இருந்தால், ஒன்று மற்றதைவிட 6 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கலாம், அவ்வளவுதான். பாதி கிணற்றின்மேலும் பாதி இயல்பான மண்மேலும் நிற்கும் மூலைத்தூணுக்கு அந்த 6 மில்லிமீட்டர் முதல் மழைக்கே தாங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைப் பார்த்துப் பூச்சு சரியில்லை என்று மேஸ்திரியைத் திட்டுவார்கள்.

சாயில் டெஸ்டில் தெரிந்திருக்காதா என்று கேட்பார்கள். தெரியாது. சின்னக் கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளை போதும் என்று ஐ.எஸ். 1892-இல் ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் போட்ட நாலு அங்குலத் துளைக்கு மூலையில் இருக்கும் கிணறு எப்படித் தெரியும்?

இன்னொரு கோளாறும் உண்டு. இந்த டெஸ்டில் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு, 45 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. துளை பழைய அஸ்திவாரக் கருங்கல்லில் முட்டினால் சுத்தியல் இறங்காது. போரிங் பையன் பாறை வந்துவிட்டதுபோல் ‘ரெஃப்யூசல்’ (இனி இறங்காது) என்று எழுதிக்கொடுத்துவிட்டு வண்டியேறிவிடுவான். பரங்கிமலை அடிவாரத்தில் 4 மீட்டரில் பாறை வந்தால் நம்பலாம். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தி.நகரில் வந்தால், ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொரு துளை போடச் சொல்லுங்கள்.

பிளான் வரையும் முன் செய்ய வேண்டியது இது. பழைய வீட்டின் அனுமதி வரைபடம் பத்திரக்கட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கிணறு எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. பிறகு நாலு மூலையிலும் நடுவிலும் எட்டடி ஆழத்துக்கு ஜேசிபியில் குழி. ஈசானிய மூலையில் மட்டும் குழியோடு நிறுத்தாமல் வாய்க்கால்போல் இழுத்துப் பாருங்கள். உறையோ செங்கல் வட்டமோ இருந்தால் பக்கெட்டில் தட்டும். வாயு மூலையிலும் அப்படியே, செப்டிக் டேங்குக்காக. மேலிருந்து பார்த்தால் போதும், முட்டுக் கொடுக்காத குழிக்குள் ஆளை இறக்காதீர்கள். சோதனைக் குழியை மூடும்போது முக்காலடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு கிணறு.

கிணறு செட்பேக்கில், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விடும் இடத்தில் விழுந்தால் அதிர்ஷ்டம். ரப்பீஸை வாரி எடுத்து, மேலே ஸ்லாபும் இரண்டடி மூடியும் போட்டு, மொட்டைமாடித் தண்ணீரை அதில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், எப்படியும் ஒரு குழி தோண்டித்தான் ஆக வேண்டும்.

தூணுக்கு அடியில் விழுந்தால் தூணை நகர்த்துங்கள். பிளான் இன்னும் பேப்பரில் இருப்பதால் காசு ஆகாது. நகர்த்தவே முடியாதென்றால் கிணற்றுக்கு இருபுறமும் தள்ளி ஃபுட்டிங் வைத்து, நடுவே பீமைப் பாலம்போல் ஓட்டி அதன்மேல் தூணை நிறுத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். மூன்றாவது வழி, ரப்பீஸ் முழுவதையும் எடுத்துவிட்டு லீன் கான்கிரீட்டால் (சிமெண்ட் குறைவான கலவை) நிரப்புவது. ஐந்தடி விட்டம், 25 அடி ஆழம் என்றால் சுமார் 490 கனஅடி, ஏறக்குறைய ஐந்து யூனிட். இதிலும் பாதி ஃபுட்டிங் கான்கிரீட்மேலும் பாதி களிமண்மேலும் உட்காரக்கூடாது. எந்த வழியானாலும் பழைய கிணற்றுக்குள் ஆளை இறக்கித் தூர் வாராதீர்கள், விஷவாயு நிற்கும். கிராப் பக்கெட்டில் எடுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டால், பூமி பூஜை முடிந்து பத்தாம் நாள் ஜேசிபி பக்கெட் பொசுக்கென்று இறங்கும். பிளான் அப்ரூவல் ஆகியிருக்கும், கார் பார்க்கிங் கோடு போட்டாகியிருக்கும். அப்போது மேஸ்திரி சொல்வார்: “நாலு யூனிட் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிட்டா போதும் சார்.” மேலே இரண்டடி இறுகும். கீழே இருபதடி அப்படியே இருக்கும்.

கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே ஸ்லாபாக ராஃப்ட் போட்டால் கவலையில்லை என்பது அடுத்த சமாதானம். அந்த இடத்தில் அடியில் மண்ணே இல்லை என்று கணக்குப் போட்டு வடிவமைத்த ராஃப்ட் என்றால் சரி.

நில உச்சவரம்பு

நகரத்தில் ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற 1978 சட்டம் 1999-இல் ரத்தானது. ஆனால் அதற்குமுன் அரசு சுவாதீனம் எடுத்த நிலம் அரசுடையதே. வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம், தனியாக விசாரியுங்கள்.

சித்திரையில் பார்த்த தண்ணீர் மட்டம்

மே மாதம் போரிங் போட்டால் 6 மீட்டரில் தண்ணீர் என்று வரும். நவம்பரில் அதே இடத்தில் ஒரு மீட்டரில் நிற்கலாம். இதில் முதலில் அடிவாங்குவது சம்ப், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அடித்தளத்துக்கு மேல் ஏறி நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நிலத்தடி நீரும் சம்பைச் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேலே தள்ளும். சுற்றி மண் நிரப்பாமல், உள்ளே தண்ணீரும் இல்லாமல் விட்டால், ஒரே இரவு மழையில் சம்ப் படகுபோல் மிதந்து சாய்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியாதென்றால் சம்பில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர்

பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் மூன்றடிதான். அதை ஒட்டி ஆறடி ஆழத்துக்கு நீளமாகத் தோண்டிவிட்டு வார இறுதி லீவு விடக்கூடாது. நாலடிக்கு ஒரு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மணல்பாங்கான திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தால் அவர் வீட்டு அடி மணலும் சேர்ந்து வரும். குழாயில் கலங்கலாக வந்தால் உடனே நிறுத்துங்கள். வேலை தொடங்கும் முன்பே அவர் வீட்டில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை அவரையும் வைத்துக்கொண்டு தேதியோடு படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

அட்வான்ஸ்

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிய வேண்டிய திட்டமென்றால் பதிவு எண் வரும்முன் விளம்பர போர்டு வேண்டாம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க வேண்டாம், ஃபிளாட் வாங்குபவர் உங்கள் உறவினராகவே இருந்தாலும்.