ஒரு கால் மட்டும் வீங்கினால் தடவாதீர்கள்

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் வெளியே வருவது எண்ணெய்க் குப்பிதான். கருங்கல், திங்கள்நகர், குலசேகரம் என்று எங்கே போனாலும் ஒரு வர்ம ஆசான் இருப்பார். சுளுக்குக்கு நானும் போயிருக்கிறேன். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகவில்லை என்று உறுதியாகும் வரை அதை யாரும் தடவவோ உருவவோ கூடாது. ஆழத்தில் ஓடும் சிரையில் (நாம் நரம்பு என்று சொல்கிறோம், அது ரத்தக்குழாய்) உறைந்த கட்டி பிய்ந்து கிளம்பினால், இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் குழாயை அடைத்துவிடும். 28 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த நான் இதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

மைனி (அண்ணி) ரப்பர் ஷீட்டை உணக்கப் போட்டுவிட்டு வரும்போது ஆனி மழையில் படியில் வழுக்கி, வலது கணுக்கால் எலும்பு விண்டது. மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த சில நாளில் கெண்டைக்கால் கனக்கிறது என்றார். "கட்டுப் போட்ட கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும் மைனி" என்று போனில் சொன்னது நான்தான். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். மூன்றாம் நாள் கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு வருவதற்குள் மைனிக்கு மூச்சு வாங்கியது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் போனதும் தையல் டேப்பை எடுத்தேன். நீங்களும் இதைச் செய்யலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு ஒன்று துருத்தி நிற்கும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் சுற்றளவை அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். மைனிக்கு 4 செ.மீ. இருந்தது. வித்தியாசம் குறைவாக இருந்தாலும் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. கால் சூடாக இருக்கிறதா, சிவந்தோ கறுத்தோ தெரிகிறதா, அமுக்கினால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு காலும் ஒரேபோல வீங்கினால் பெரும்பாலும் காரணம் இதயம், சிறுநீரகம் போன்ற வேறு இடத்தில் இருக்கும்.

அப்புறம், சமீபத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆபரேஷன், மாவுக்கட்டு, மூன்று நாளுக்கு மேல் படுக்கை, கர்ப்பம், பிரசவம் முடிந்த ஆறு வாரம், கருத்தடை மாத்திரை, புற்றுநோய், முன்பு ஒருமுறை வந்த ரத்தக்கட்டி, நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவு முழுக்க உட்கார்ந்தே போன பயணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், படபடப்பு, மயக்கம் எல்லாம் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். அப்போது நடக்க விடாதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். சாய்த்து உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நாங்கள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். கருவியால் அமுக்கும்போது நல்ல சிரை தட்டையாகிவிடும், கட்டி இருக்கும் சிரை அமுங்காது. நுரையீரலுக்கு, மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோ. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதலில் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையில் பலர் குழம்புகிறார்கள். சந்தேகம் குறைவாக இருப்பவருக்கு அது நார்மலாக வந்தால் நிம்மதியாக இருக்கலாம். கூடுதலாக வந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. காயம், காய்ச்சல், கர்ப்பம், வயது எதிலும் அது கூடும்.

சிகிச்சை பெரும்பாலும் ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பதுதான். ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலுக்கடியில் போடுவார்கள், அல்லது ரிவரோக்சபான், அபிக்சபான் மாத்திரை தருவார்கள். இவை கட்டியைக் கரைப்பதில்லை. வளரவிடாமல் நிறுத்தும், உடம்பே மெல்லக் கரைக்கும். பிரஷர் விழுந்து உயிருக்கு ஆபத்தான நிலையில்தான் கரைக்கும் ஊசி. மாத்திரை குறைந்தது மூன்று மாதம். கால் வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்து மனம் பதறியிருக்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய வகை மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையில் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும், அதற்காக முருங்கைக்கீரையை விலக்க வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக ஊசிதான்.

இந்த மருந்துகளோடு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென் போன்ற வலி மாத்திரை கூடவே கூடாது, ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுத்துப் போனாலோ, மூக்கு ரத்தம் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

மைனிக்குக் காரணம் மாவுக்கட்டு என்று தெளிவாகத் தெரிந்ததால் மூன்று மாதத்தில் மருந்தை நிறுத்தினார்கள். காரணம் தெரியாமல் வந்தவர்களுக்கு இன்னும் நீளும். இனி எந்த ஆபரேஷன் என்றாலும், எந்தக் கட்டுப் போட்டாலும், முன்பு ரத்தக்கட்டி வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த டாப்ளர் ரிப்போர்ட்டை மைனி ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.