டிக்கெட்டில் இருப்பது யாருடைய நம்பர்?

துபாய், ஷார்ஜா பக்கம் புதிதாக வந்து இறங்கியிருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டித் தம்பிகளுக்கு இது. எமிரேட்ஸ் ஐடி, மெடிக்கல், பேங்க் கணக்கு எல்லாம் கம்பெனியின் அரசாங்க வேலைகளைக் கவனிக்கும் பிஆர்ஓ பார்த்துக்கொள்வார். முதல் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது ஃபிளைட் கேன்சலானால் என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

நம் ஊரில் டிக்கெட் போடும் லட்சணம் உங்களுக்கே தெரியும். டிராவல்ஸ் வைத்திருப்பவர் வாப்பாவுக்கு வேண்டியவர். பாஸ்போர்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரை மணி நேரத்தில் டிக்கெட் வந்துவிடும். பணம் மெதுவாகக் கொடுக்கலாம். லாத்தா (அக்கா) மகள் நிக்காஹ்வுக்கு நானும் அப்படித்தான் போட்டேன். துபாயிலிருந்து நேராக மதுரை. நம் ஊர்ப் பக்கம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறதுதான். அது நம் தலைக்கு மேல் பறப்பதற்கு, நம்மை ஏற்றுவதற்கில்லை. நமக்கு மதுரையோ திருச்சியோதான்.

வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்து, நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பேர் எழுதிய அட்டைப்பெட்டியோடு கவுன்டரில் போய் நின்றேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "ஃபிளைட் கேன்சல் சார், முந்தாநாளே மெசேஜ் அனுப்பியிருக்கோமே" என்றாள். என் போனில் ஒன்றுமில்லை. எந்த நம்பருக்கு என்று கேட்டேன். அவள் கடைசி நாலு எண்ணைப் படித்ததும் விளங்கிவிட்டது. டிராவல்ஸ்காரர் நம்பர். ஈமெயிலும் அவருடையதே. போன் போட்டால், "ஆமா தம்பி, வந்து கிடக்குது. நான் பார்க்கல" என்கிறார்! அவருக்கு அது நூறு மெசேஜில் ஒன்று. எனக்கு ஒரே ஒரு நிக்காஹ்.

சென்னை வழியாகத்தான் அடுத்த சீட் கிடைத்தது. எழும்பூரில் சேது எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியுமுன் ராமநாதபுரத்தில் இறங்கி, வீடு போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வாசலில் பந்தல் கழியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுவிய சஹன் தட்டுகள் திண்ணையில் கவிழ்த்துக் கிடந்தன. லாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கென்று எடுத்துவைத்த தொதல் அல்வாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்திய விமான நிறுவனம் என்றால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி இருக்கிறது. கேன்சலை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாற்று ஃபிளைட் அல்லது முழுப் பணம். கடைசி 24 மணி நேரம் வரை சொல்லாமல் விட்டால் அதற்கு மேல் நஷ்டஈடும் உண்டு, 10,000 ரூபாய் வரை. புயல், மழை என்றால் நஷ்டஈடு கிடையாது. துபாய்–மதுரை தூரத்துக்கு 3 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும், நீங்களாகக் கேளுங்கள்.

இதே விதியில்தான் அந்தக் கண்ணியும் இருக்கிறது. புக்கிங்கில் சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவருக்கு நஷ்டஈடு இல்லை. என் விஷயத்தில் நம்பர் இருந்தது, அந்த நம்பருக்கு முந்தாநாளே மெசேஜும் போயிருந்தது. ஆகவே கணக்குப்படி எனக்குச் சொல்லியாகிவிட்டது! டிக்கெட் காசு மட்டும் திரும்பியது. அதுவும் டிராவல்ஸ்காரர் கணக்குக்குப் போய், அங்கிருந்து இரண்டு தவணையாக என் கைக்கு வந்தது. ஏஜென்ட் மூலம் போட்டாலும் பணத்துக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான் என்று விதி இருக்கிறது. அதை எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

அதனால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே அதிலிருக்கும் பிஎன்ஆரை (புக்கிங் எண்) போட்டு விமான நிறுவனத்தின் ஆப்பில் திறந்து பாருங்கள். அங்கே கடைசிப் பெயர் கேட்கும். நம் பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் எங்கே விழுந்திருக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் பெயர், வாப்பா பெயர் இரண்டில் ஒன்றுக்குத் திறக்கும். திறந்ததும் இந்த நாட்டுக் கோடு 971 சேர்த்து உங்கள் இங்குள்ள நம்பரையும் உங்கள் ஈமெயிலையும் போடுங்கள். வந்த புதிதில் ரூமில் இருக்கும் காக்கா (அண்ணன்) நம்பரைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாத ஊர் சிம் நம்பர் இருந்தும் பிரயோஜனமில்லை. ஆப்பில் மாற்ற விடவில்லையா, கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒரு தடவை, டாக்ஸி ஏறுமுன் ஒரு தடவை ஃபிளைட் நிலவரம் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வழியாகப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே கிளம்புங்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலுக்கும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இந்த ஊரும் லேசுப்பட்டதில்லை, 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் ஏர்போர்ட் ரன்வேயில் தண்ணீர் நின்றது.

இப்போதும் அதே டிராவல்ஸ்காரரிடம்தான் டிக்கெட் போடுகிறேன், வாப்பா விடமாட்டார். ஆனால் போட்டு முடித்ததும் அதிலிருக்கும் நம்பரைப் போனில் வாசிக்கச் சொல்வேன். "ஒங்க மவன் இப்பல்லாம் ரொம்ப வெவரம்" என்று வாப்பாவிடம் சொன்னாராம்.