ஜன்னலோரக் குழாய்தான் காட்டிக்கொடுத்தது

கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் படிகமாகாத இரும்பு ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. படிகமானது, ஆகாதது இரண்டையும் கரைக்கும் டைதயோனைட்-சிட்ரேட் முறையில் கிடைத்த மொத்த ஆக்சைடு இரும்பில் சிக்கல் இல்லை. படிகமாகாததை மட்டும் கரைக்க வேண்டிய அமோனியம் ஆக்சலேட்டில்தான் கோளாறு. ஒரே மண், மூன்று சோதனைக் குழாய், மூன்று மதிப்பு. ஒன்று டைதயோனைட் மதிப்பில் பாதியையே தொட்டது. வெயிலில் வெந்து முதிர்ந்த மண்ணில் இரும்பு பெரும்பாலும் படிகமாகியிருக்கும்; அவ்வளவு வரவே கூடாது.

முதலில் பி.எச். மீது சந்தேகம். 3.0 அப்படியே இருந்தது. ஆக்சலேட்டைப் புதிதாகக் கலக்கினேன், அளவீட்டுக் கரைசல்களையும் மாற்றினேன். நான்கு நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: அதிகம் காட்டுவது எப்போதும் ஜன்னல் பக்கக் குழாய். ஏசி ஒழுகியதால் குழாய்களை ஆட்டும் குலுக்கியை அங்கே நகர்த்தியிருந்தோம். வெளிச்சம் பட்டால் ஆக்சலேட்டோடு சேர்ந்த இரும்பு ஃபெரஸாக (இரும்பு 2+) ஒடுங்கும். அந்த ஃபெரஸ் கோதைட், ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிகங்களையும் கரைக்கத் தொடங்கிவிடும். இருட்டில் செய்ய வேண்டும் என்று மண் ஆய்வாளர் ஸ்வெர்ட்மான் 1964-லேயே எழுதியதுதான். நானும் குழாய்களுக்கு ஃபாயில் சுற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் மூடி? பால்வெள்ளை பிளாஸ்டிக். குழாய்களைப் படுக்கவைத்துக் குலுக்கியதால் கரைசல் முழுக்க அதன் மேல்தான் அலைந்தது.

மூடிக்கும் ஃபாயில், குலுக்கியின் மேல் கறுப்புத் துணி, 0.25 கிராம் மண்ணுக்கு 10 மில்லி ஆக்சலேட், நான்கு மணி நேரம் குலுக்கல். வடிகட்டும்போதும் ஜன்னலைச் சாத்தினேன். மூன்று குழாயும் ஒத்துப்போயின. மதிப்பு டைதயோனைட் மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அப்பாடா! பழைய எண்களை அடித்துவிட்டு எல்லா மண்ணையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.