கொரியன் படிக்கப் போறீங்களா, நடுவுல இங்கிலீஷை நுழைய விடாதீங்க

சியோல் போய் முழுநேரமா கொரியன் படிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், தமிழ்ல இருந்து நேரா கொரியனுக்குப் போங்க. புக்கு, ஆப், யூடியூப்னு முக்கால்வாசி இங்கிலீஷ் வழியாத்தான் சொல்லித் தருது, வினைச்சொல் கடைசில வரும், அது கஷ்டம்னுதான் ஆரம்பிப்பாங்க, நமக்கு அதுல என்ன கஷ்டம், நாம பேசுறதே அப்படித்தானே. 'மொகொ ப்வா'ன்னா 'சாப்ட்டு பாரு', அந்த 'பாரு' கூட கண்ணால பாக்குற அதே பாருதான். 'ஹெ ஜுசெயோ'ன்னா 'செஞ்சு குடுங்க'. 'ஓன்தாகொ ஹெஸ்ஸொ'ன்னா 'வர்றேன்னு சொன்னான்', நம்ம 'னு' நிக்கிற இடத்துல அங்க ஒரு 'கொ' நிக்குது, அவ்வளவுதான். இங்கிலீஷ் புக்கு இதுக்கு ரெண்டு பக்கம் விளக்கம் குடுக்கும், நீங்க மார்ஜின்ல தமிழ்ல ஒரு வரி எழுதிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடலாம்.

ஹங்குல் எழுத்தை ஊர்லயே முடிச்சிட்டு கிளம்புங்க. சேஜோங் மன்னர் 1446ல வெளியிட்ட எழுத்து, அடிப்படை மெய் 14, உயிர் 10, தினமும் உக்காந்தா ஒரு வாரத்துல கைக்கு வந்துடும். உச்சரிப்புலயும் நமக்கு கொஞ்சம் சலுகை இருக்கு, நம்ம 'ப' 'பல்'லுல ஒரு மாதிரியும் 'அன்பு'ல மெத்துனும் ஒலிக்குதே, அங்கயும் சாதாரண க, த, ப எல்லாம் சொல்லுக்கு நடுவுல வந்தா அப்படித்தான் மெத்துனு ஆகும். 'காசு', 'அது' இதோட கடைசில உதடு குவியாம வர்ற 'உ' அவங்களுக்கு தனி உயிரெழுத்தாவே இருக்கு. கஷ்டம் எங்கன்னா நிலா, முகமூடி, மகள் இந்த மூணுக்கும் அவங்க சொல்ற சொல்லு நம்ம காதுல ஒரே 'தல்'லா விழும், முதல் எழுத்துல காத்து வருதா, அழுத்தம் வருதா, ரெண்டும் இல்லையாங்கிறதுதான் வித்தியாசம். வாய்க்கு முன்னாடி ஒரு டிஷ்யூ பேப்பரை பிடிச்சுக்கிட்டு சொல்லிப் பழகுங்க, முகமூடிக்கு பேப்பர் நல்லா ஆடணும், மகளுக்கு ஆடவே கூடாது.

படிப்புன்னா யூனிவர்சிட்டியோட மொழிப்பள்ளிதான், அங்க 'ஒஹக்தாங்'னு சொல்வாங்க. யோன்செய் யூனிவர்சிட்டியில 1959ல இருந்தே இருக்கு, பக்கத்துலயே ஈவா, சோகாங் யூனிவர்சிட்டிகளும், மூணுமே சியோல்ல சின்ச்சோன் ஏரியாவுல. வழக்கமா 6 லெவல், ஒரு லெவல் 10 வாரம், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினம் 4 மணி நேரம், மொத்தம் 200 மணி நேரம். பேச்சுதான் முக்கியம்னா சோகாங் பேர் போனது. மொழி படிக்கக் குடுக்கிற டி-4 (D-4) விசாவுல போறீங்கன்னா அட்டெண்டன்ஸ்ல விளையாடாதீங்க, விசா நீட்டிக்கும்போது அதைத்தான் பாப்பாங்க. முதல் லெவல்ல இருந்தே பாடம் கொரியன்லயே நடக்கும், பயப்படாதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிற வியட்நாம் பொண்ணுக்கும் மங்கோலியா பையனுக்கும் அதே நிலைமைதான், உங்களுக்குள்ள பேசிக்க கொரியனை விட்டா வேற மொழி இருக்காது, அது ரொம்ப நல்ல விஷயம்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. இலக்கணத்துல நாம வேகமா போவோம், ஆனா மூணாவது லெவலுக்கு மேல சீன, ஜப்பான் பசங்க சொற்கள்ல நம்மள தாண்டிடுவாங்க, ஏன்னா கொரியன்ல பாதிக்கு மேல சீன மூலச் சொற்கள். அதுக்கு வழி, சொல்லை தனித்தனியா மனப்பாடம் பண்ணாம குடும்பமா சேருங்க. 'ஹக்'னா படிப்பு, அதுல இருந்து ஹக்செங் மாணவர், ஹக்க்யோ பள்ளி, தெஹக் கல்லூரி, யூஹக் வெளிநாட்டுப் படிப்பு, பாங்ஹக் லீவு. ஒரு நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம் போதும்.

இப்ப சமையல், இதை யாரும் பாடமா எடுத்துக்கிறதில்ல, ஆனா என்னைக் கேட்டா பாதி மொழி அடுப்படியிலதான் இருக்கு. நிறைய மாணவர்கள் தங்குற கோஷிவோன்ல ரூம் தீப்பெட்டி சைஸ்தான், ஆனா பொதுக் கிச்சன் இருக்கும், பல இடங்கள்ல சோறும், கிம்ச்சிங்கிற காரமா புளிக்க வெச்ச கோஸும் ஃப்ரீ. கொரியன்ல எழுதின ஒரு ரெசிபி எடுங்க, மொழிபெயர்ப்பு போடாதீங்க. 'யாங்ப்பாருல் ஸொரொசொ நொக்கோ பொக்கா ஜுசெயோ'னு இருக்கும். வெங்காயத்தை, நறுக்கி, போட்டு, வதக்கி, குடுங்க. ஒரு சொல்லு கூட இடம் மாறலை பாருங்க! இந்த 'சொ', 'கோ' ரெண்டும் நம்ம 'நறுக்கி', 'போட்டு' மாதிரி வேலையை கோத்துக்கிட்டே போறது, கிளாஸ்ல மூணு நாள் குழப்புற விஷயம் ஒரு உருளைக்கிழங்கு பொரியல்ல தெளிவாயிடும். செய்யும்போது வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்யுங்க.

எண்ணும் இங்கதான் படியும். அவங்களுக்கு ரெண்டு செட் எண்கள், ஸ்பூன் கணக்குக்கு அவங்க சொந்த கொரியன் எண், கிராம், மில்லி, நிமிஷத்துக்கு சீனத்துல இருந்து வந்த எண். 'கான்ஜாங் தூ க்குன்சுல்', சோயா சாஸ் ரெண்டு பெரிய ஸ்பூன், அடுத்த வரியிலயே 'ஷிப் புன்', பத்து நிமிஷம். மாங்வோன் மார்க்கெட் மாதிரி இடத்துக்குப் போய் 'பான் குன்மன் ஜுசெயோ', அரை குன் மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க, கறின்னா ஒரு குன் 600 கிராம், காய்னா 400. சைவம்னா ஒரு எச்சரிக்கை, 'கோகி ப்பே ஜுசெயோ', கறி வேண்டாம்னு சொன்னா மட்டும் போதாது, குழம்புத் தண்ணியே பெரும்பாலும் நெத்திலியில எடுத்தது, 'மியொல்ச்சி' இருக்கான்னு தனியா கேளுங்க, கிம்ச்சியிலயும் மீன் சாஸோ இறாலோ இருக்கும்.

டிராமா பாக்குறது பாடமாகணும்னா ஒரு எபிசோடு முழுக்க ஓட விடாதீங்க, அஞ்சு நிமிஷ சீன் ஒண்ணு போதும். முதல்ல சப்டைட்டில் இல்லாம, அப்புறம் கொரியன் சப்டைட்டிலோட, அப்புறம் நிறுத்தி நிறுத்தி கூடவே சொல்லணும், மூச்சு விடுற இடம் உட்பட. இங்கிலீஷ் சப்டைட்டில்ல வா, வாங்க ரெண்டும் ஒண்ணாயிடும், ஆனா கொரியன் டிராமாவுல பாதி கதையே வாங்க போங்கன்னு பேசினவங்க வா போன்னு மாறுற இடத்துலதான் இருக்கு. யாரு யாரை எப்படி கூப்பிடுறாங்கன்னு ஓரமா எழுதுங்க. வீட்டுப் பேச்சுக்கு 2015ல வந்த 'ரிப்ளை 1988', ஆபீஸ் பேச்சுக்கு 2014ல வந்த 'மிசேங்', ரெண்டும் நல்ல பாடம். ராஜா காலத்துக் கதைகளை ரசிச்சுப் பாருங்க, ஆனா அந்தப் பேச்சை கடைத்தெருவுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

சண்டை சீன்ல 'தாங்ஷின்'னு கேக்கும், அது 'நீங்க'ன்னு டிக்‌ஷனரியில இருக்கும், அதை நம்பி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நேர்ப்பேச்சுல அது புருஷன் பொண்டாட்டிக்குள்ளயோ சண்டைக்கோதான். நாம கடைக்காரங்கள அண்ணா, அக்கான்னு கூப்பிடுற மாதிரி சாப்பாட்டுக்கடை அம்மாவுக்கு 'இமோ', அதாவது சித்தி, முதலாளிக்கு 'சஜாங்னிம்', டீச்சருக்கு 'சொன்செங்னிம்'. டிராமாவுல புடிச்ச வசனத்தை மறுநாள் கிளாஸ்ல காட்டி, இதை இமோகிட்ட சொல்லலாமா, ஃப்ரெண்டுகிட்ட மட்டும்தானான்னு கேட்டுக்கிட்டு அப்புறம் கடையில சொல்லிப் பாருங்க.