மாண்டரின் பேசுறவங்களுக்கு 'பிளே' சொல்லிக்கொடுக்கிறது எப்படி

மாண்டரின், அதாவது சீன மொழி பேசுற பெரியவங்களுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் எடுக்கிறவங்க, இல்ல சிங்கப்பூர்ல கூட வேலை பாக்குற சீன நண்பருக்கு அப்பப்ப இங்கிலீஷ்ல ஹெல்ப் பண்றவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். 'பிளே'ங்கிற வார்த்தைக்கு டிக்‌ஷனரிய திறந்தா அர்த்தம் வரிசையா போயிட்டே இருக்கும், அதை அப்படியே போர்டுல எழுதிப் போட்டா ஒண்ணும் மண்டையில ஏறாது. அவங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு பாத்து அங்க மட்டும் நேரம் செலவு பண்ணுங்க.

முதல்ல சுலபமான பக்கம். நாம எப்படி புல்லாங்குழல் ஊதுறோம், மேளம் அடிக்கிறோம், வீணை மீட்டுறோமோ அதே மாதிரி சீனத்துலயும் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வினை. பாஸ்கெட்பால், சீட்டு, மாஜாங்ங்கிற சீனக் கட்டை விளையாட்டு எல்லாத்துக்கும் 'தா', அதாவது அடிக்கிறது. ஃபுட்பாலுக்கு 'தீ', உதைக்கிறது. செஸ்ஸுக்கு 'ஷியா', இறக்குறது. பியானோ, கிடாருக்கு 'தான்', அதாவது மீட்டுறது, வயலினுக்கும் அர்ஹூங்கிற சீன ரெண்டு தந்தி வாத்தியத்துக்கும் 'லா', அதாவது இழுக்கிறது, புல்லாங்குழலுக்கு 'சுவெய்', ஊதுறது. இது அத்தனையும் இங்கிலீஷ்ல ஒரே 'பிளே'க்குள்ள வந்து விழுந்துடும். அதனால 'பிளே'ன்னு நடுவுல எழுதிட்டு சுத்தி அவங்களையே அவங்க மொழி வினைகளை எழுத விடுங்க, பத்து நிமிஷத்துல பிடிச்சுக்குவாங்க, நீங்க அதிகம் பேசவே வேண்டாம்.

ஆனா இதுலயே ஒரு குழி இருக்கு. 'தா'ன்னா 'பிளே'ன்னு மனசுல பதிஞ்சுட்டா அடுத்த நாளே "ஐ பிளே தாய் சீ எவ்ரி மார்னிங்"னு வந்து நிப்பாங்க, ஏன்னா தாய் சீக்கும் அவங்க 'தா'தான் போடுவாங்க. அதனால ரெண்டு பேர் இல்ல ரெண்டு டீம் மோதுற விளையாட்டா இருந்தா 'பிளே', உடம்பைப் பழக்குற பயிற்சியா இருந்தா 'டூ', அதுல தாய் சீ, யோகா, கராத்தே எல்லாம் வரும், 'இங்'ல முடியிற ஸ்விம்மிங், ஸ்கீயிங், ஹைக்கிங் மாதிரியா இருந்தா 'கோ'ன்னு மூணா பிரிச்சுக் காட்டுங்க. பாக்ஸிங் மாதிரி சிலது இதுக்குள்ள ஒழுங்கா உக்காராது, ஆனா ஆரம்பத்துல இவ்வளவு போதும்.

இப்ப கஷ்டமான பக்கம், பாதி கிளாஸுக்கு மேல இங்கதான் போகணும்னு நான் சொல்லுவேன். சீனத்துல 'வான்'னு ஒரு வினை இருக்கு, குழந்தை பொம்மை வெச்சு விளையாடுறதும் 'வான்', நாப்பது வயசு ஆள் நண்பர் வீட்டுக்குப் போய் அரட்டை அடிச்சுட்டு வர்றதும் 'வான்', பெய்ஜிங்குக்கு டூர் போறதும் 'வான்', சோஃபால சாஞ்சு ஃபோன் பாக்குறதும் 'வான்'. ஸ்கூல்ல 'வான்'னா 'பிளே'ன்னு படிச்சுட்டு வந்தவங்க "லாஸ்ட் நைட் ஐ பிளேடு வித் மை ஃப்ரெண்ட்ஸ்"னுதான் சொல்லுவாங்க. இலக்கணத்துல தப்பே கிடையாது, ஆனா கேக்குறவங்களுக்கு ஒரு எட்டு வயசுப் பையன் பேசுற மாதிரி இருக்கும். அதைவிட மோசம், ஒரு ஆம்பளை ஒரு பொண்ணு பேரைச் சொல்லி "ஐ வான்ட் டு பிளே வித் ஹெர்"னா அது வேற அர்த்தத்துல போய் நிக்கும். கூச்சப்படாம இதை நேராவே சொல்லிடுங்க, ஆபீஸ்ல போய் தெரியாம சொல்லிட்டு அவங்க தலைகுனியறதுக்கு இது எவ்வளவோ மேல்.

சரி பண்ற வழி என்னன்னா, தப்புன்னு வெட்டாதீங்க, "என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. "சாப்பிட்டோம், பேசினோம், நடந்தோம்"னு சொல்லுவாங்க, அப்ப "ஹங் அவுட்"ங்கிறதை கையில கொடுங்க. ஷாங்காய்ல 'பிளே' பண்ணேன்னா "ட்ராவல்டு அரவுண்ட்", இல்ல சும்மா "விசிட்டட்". ஃபோனுக்கு "ஐ வாஸ் ஆன் மை ஃபோன்", கேம் ஆடினா மட்டும் "பிளேயிங் எ கேம் ஆன் மை ஃபோன்". "பிளேயிங் வித் மை ஃபோன்"னா கையில வெச்சு சும்மா உருட்டிட்டு இருந்தேன்னு ஒரு தொனி வந்துடும், அந்த வித்தியாசத்தையும் சொல்லுங்க. வீட்டுக்குக் கூப்பிட "கம் ஓவர்"னு ரெண்டே வார்த்தை, பின்னாடி 'டு பிளே' ஒட்டவே வேண்டாம்.

'த' (the) விஷயம் சீக்கிரம் முடிஞ்சுடும். சீனத்துல 'எ', 'த' மாதிரி எதுவும் கிடையாது, அதனால "பிளே த ஃபுட்பால்"னும் வரும். விளையாட்டுக்கு 'த' கிடையாது, வாத்தியத்துக்கு உண்டுன்னு சொல்லுங்க, ஆனா அமெரிக்காக்காரங்க "பிளே பியானோ"ன்னும் சாதாரணமா சொல்லுவாங்க, அதுக்கெல்லாம் சிவப்பு மையை எடுக்காதீங்க. பாட்டு, வீடியோ ஓட விடுறதுக்கு அவங்க சொல்றது 'ஃபாங்', அதுவும் 'பிளே'தான், பட்டன்லயே முக்கோணம் போட்டிருக்கிறதால யாருக்கும் குழப்பம் வராது. மேடை நாடகத்துக்கு 'எ பிளே'ங்கிறதுதான் புதுசா இருக்கும், ஒருதடவை சொன்னா போதும்.

ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதுறவங்களா இருந்தா இன்னொண்ணு. "பிளேஸ் அன் இம்பார்ட்டன்ட் ரோல்" அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வரி, சீனக் கட்டுரைகள்ல இதே பொருள்ல ஒரு ரெடிமேட் வாக்கியம் இருக்கிறதால கை தானா எழுதிடும். 250 வார்த்தை எஸ்ஸேல அது மூணு தடவை வந்தா படிக்கிறவங்களுக்கு அலுத்துடும். ஒரு தடவை இருக்கட்டும், மத்த இடத்துல அந்த விஷயம் உண்மையா என்ன செய்யுதுன்னு வினையாலயே எழுதச் சொல்லுங்க. "கவர்ன்மென்ட் பிளேஸ் எ ரோல் இன் எஜுகேஷன்"னு இழுக்காம "கவர்ன்மென்ட் பேஸ் ஃபார் ஸ்கூல்ஸ்"னு முடிச்சா வாக்கியமும் சின்னது, அர்த்தமும் தெளிவு.

பயிற்சிக்கு புக் வேண்டாம். அவங்க ஃபோன்ல போன வார ஃபோட்டோ அஞ்சாறு எடுத்து, ஒவ்வொண்ணுலயும் என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு முதல்ல சீனத்துல ஒரு வினை, அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்க. 'வான்'னு வந்தா அங்க நிறுத்தி, "ஓகே, என்ன பண்ணீங்க?"ன்னு திரும்ப அதே கேள்வி. ஒரு மாசம் இப்படியே விடாம கேட்டுட்டே இருங்க, அவங்களே பாதி வாக்கியத்துல நிறுத்தி மாத்திக்க ஆரம்பிப்பாங்க.