‘மாலை 6’ என்று எழுதாதீர்கள்: ஊரில் கல்யாணம் வைத்திருக்கும் புதிய சிங்கப்பூர்வாசிகளுக்கு

சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ தொலைபேசி வரும்: “தேதி குறித்தாகிவிட்டது.” இங்கே வேலையின் முதல் ஆண்டில் சட்டப்படி கிடைக்கும் விடுப்பு ஏழு நாள். அதையும் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் எடுக்க முடியும். ஏழு நாளில் போய், கட்டி, மறுவீடு கண்டு, திரும்பி வர வேண்டும். சமையல், பந்தல், பத்திரிகை எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பூவை மட்டும், “உனக்குப் பிடித்த மாதிரி நீயே சொல்லிவிடு” என்று உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பூவைத் தலையில் கட்டுவது நம் வழக்கம்தானே.

உடனே நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கைப்பேசியில் நாற்பது படங்களைச் சேர்த்து, பூக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். இதில் இருவருமே எதையும் பேசவில்லை. படத்தில் இருக்கும் பூ எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் பறித்தது என்று படம் சொல்லாது. பூக்காரருக்குத் தேவையான முதல் செய்தி நேரம்தான். எந்தப் பூ, எங்கே, எத்தனை மணிக்குப் புதிதாக இருக்க வேண்டும்? நிறமும் வடிவமும் அதற்கப்புறம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் தங்கை கல்யாணத்தில். வெள்ளிக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். சம்பந்திகளுக்கும் தாய்மாமன்களுக்குமாக ஆறு மாலை வேண்டும். இங்கிருந்து பூக்காரருக்கு எழுதினேன்: “வெள்ளிக்கிழமை. மாலை 6. சம்பங்கி, ரோஜா கலந்தது.” அவர் ஒழுங்கான மனிதர். வெள்ளிக்கிழமை மாலை சரியாக ஆறு மணிக்குக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். தாலி கட்டிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் என் மாமா பஸ் நிலையத்துப் பக்கம் ஓடி, கோயிலுக்கென்று கட்டி வைத்திருந்த மாலைகளைக் கெஞ்சி வாங்கி வந்தது தனிக் கதை. பிழை முழுக்க என்னுடையது. “ஆறு மாலைகள், வெள்ளி விடிவதற்கு முன் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்” என்று எழுதுங்கள். எழுதிய பிறகு தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

எப்போது பேசுவது? சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பூக்காரர்களுக்கு அதிகாலையிலிருந்தே சந்தையும் கட்டும் வேலையும் இருக்கும், மதியம்தான் கண்ணயர்வார்கள். ஊரில் நான்கு, ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை, ஏழரை. வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் நேரம். அப்போது பேசினால் நிதானமாகப் பதில் கிடைக்கும்.

இனி மல்லிகைக்கு வருகிறேன், வம்பெல்லாம் அங்கேதான். செட்டிநாட்டுக் கல்யாணங்களுக்குப் பெரும்பாலும் மதுரைப் பக்கத்திலிருந்தே பூ வரும். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரம்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு, அதனால் மற்ற மல்லியைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் எந்த மல்லியும் ஒருநாள் விருந்தாளிதான். விடியும் முன்பிருந்து மொட்டாகப் பறிப்பார்கள், காலையில் சந்தைக்கு வரும், அன்று பொழுது சாய்ந்ததும் மலரும். இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். மாலை வரவேற்பு என்றால் அன்று காலை வந்த மொட்டைக் கட்டச் சொன்னால் போதும். ஏழு மணிக்கு மணப்பெண்ணின் தலையிலேயே மலர்ந்து மணக்கும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் அது எப்படியும் முதல் நாள் பூதான். ஐஸ் வைத்த பெட்டியில் மொட்டாகவே நிறுத்தி வைத்து, பின்னிரவில் எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். “அதெல்லாம் நிற்கும்” என்று பொதுவாகச் சொல்பவரை நம்பாதீர்கள். “எத்தனை மணிக்குப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள்?” என்பதற்குப் பதில் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த மாலைக்கு மல்லிகையை நம்பாமல் சம்பங்கி, ரோஜா, மரிக்கொழுந்து என்று போவது என் விருப்பம். சம்பங்கி இரவைத் தாண்டும். கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது, நிறம் மட்டும்தான். மல்லிகைச் சரத்தில் ஊடே வைத்தால் அழகு. பிச்சிப்பூவை மறந்துவிடாதீர்கள். அதன் மணம் எனக்கு மல்லிகையைவிட உசத்தி. வீட்டில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது.

மாதமும் விலையைத் தீர்மானிக்கும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கிவிடும். தை பிறந்ததும் கல்யாணங்களும் தொடங்கிவிடும். பொங்கலை ஒட்டி மதுரை மல்லி கிலோ நான்காயிரம் ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. வெயில் காலத்தில் அதே பூ சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆகவே தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மேடை முழுக்க மல்லிகைத் திரை கேட்பது, பூக்காரரைப் பொய் சொல்லத் தூண்டுவது மாதிரி. மேடைக்குச் சாமந்தி, செண்டு மல்லி. தலைக்கு மட்டும் மல்லிகை. பேரம் பேசும்போது அலங்காரத்துக்கு மொத்தத் தொகை முடிவு செய்துவிடுங்கள். தலைப்பூவுக்கு மட்டும் கட்டுக்கூலி தனி, பூவின் விலை அன்றைய சந்தை விலைப்படி என்று பேசுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசினால் விலை ஏறும் நாளில் உங்கள் சரம் மெலிந்துவிடும்.

முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. யாருடைய முழங்கை என்பதுதான் கேள்வி. எங்கள் அப்பத்தா தன் கையை நீட்டிக் காட்டி, “இந்த முழம்” என்பார். அவர் நல்ல உயரம். அறுபது முழம் சொல்லி, வந்து சேர்ந்ததை அப்பத்தா அளந்தபோது நாற்பத்தெட்டே தேறியது. பந்தாக வாங்கினாலும் கிலோ கணக்கில் வாங்கினாலும், எத்தனை பெண்களுக்குத் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். அழையாமல் வருபவர்களும் பூ கேட்பார்கள்.

மாலையின் கனம் பற்றி ஒருவரும் எச்சரிக்க மாட்டார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு மணமகள் கழுத்தில் கழுத்திரு என்னும் கனமான தங்கத் தாலி மாலை ஏறும். அதோடு நகைகள், பட்டு. அதற்கு மேல் ஈரம் சொட்டும் தடிமனான ரோஜா மாலை விழுந்தால், இரண்டு மணி நேரத்தில் பெண்ணின் முகம் சொல்லிவிடும். மெலிதாக, நீளம் குறைவாகக் கேளுங்கள். மாப்பிள்ளை என்ன கனமும் தாங்குவார் என்று நினைத்துக்கொள்வோம். கோயில் மாலை வேறு கணக்கு: நகரத்தாருக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் அவரவர் குடும்பத்துக் கோயிலிலிருந்து வருவது அது. அதைப் பூக்காரர் பட்டியலில் சேர்க்காதீர்கள். எப்போது, யார் கொண்டு வருகிறார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு வைத்தால் போதும்.

கல்யாணம் மண்டபத்தில் என்றால் இதை விட்டுவிட்டு மேலே போகலாம். பூர்வீக வீட்டில் என்றால் நில்லுங்கள். அலங்காரக்காரர் முதலில் ஆணியும் சுத்தியலும் எடுப்பார். அந்தத் தூண்கள் பர்மா தேக்கு. சுவரோ சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்துக் கண்ணாடியாகத் தேய்த்தது. டேப் ஒட்டிப் பிய்த்தால் பூச்சோடு வரும். அதுவும் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. கயிறு கட்டித் தொங்கவிடுவது, தனியாகச் சட்டம் நிறுத்துவது இரண்டு வழிதான் என்று எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், பூக்கோலம் போடுவதானால் தரையில் நேரடியாக வேண்டாம். ஈரச் செண்டு மல்லி இதழ் இரவெல்லாம் கிடந்தால் ஆத்தங்குடித் தரைக் கல்லில் சாயம் இறங்கும். அடியில் வாழையிலை பரப்பச் சொல்லுங்கள். மழை வந்தால் அந்த இதழ்கள் வளவின் நீர்ப்போக்கியைப் போய் அடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் வளவின் திறந்தவெளியில் பத்து மணிக்கு மேல் எந்தப் பூவும் நிற்காது. அலங்காரத்தை முகப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பணம் அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறைகள் இணைந்திருக்கின்றன. சில வங்கிகள் வழியாக ஊருக்கு உடனே பணம் போகிறது. என்றாலும் பூக்காரருக்கு நேராக அனுப்பாதீர்கள். அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பி, அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பூக்காரருக்கு ஊரில் ஒரு முகம் தெரிந்திருக்க வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து மாலைகளை எண்ணி வாங்கப்போவதும் அந்த முகம்தான். எண்ணத் தெரிந்த, தூங்காத ஒருவரை அதற்கு நியமியுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

படங்கள்? அனுப்புங்கள், இரண்டே இரண்டு. ஒன்று மேடைக்கு, ஒன்று பூ ஜடைக்கு. ஆர்க்கிட் கேட்டால் அவரும் வரவழைத்துத் தருவார், வெளியூர்ப் பூ விலைக்கு.

மறுநாள் வாடிய மாலைகளை அப்படியே வேலியோரம் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். மாடு தின்னும். ஜரிகை நூல், கம்பி, தெர்மோகோல் உருண்டைகளைப் பிரித்தெடுத்த பிறகு போடச் சொல்லி, பூக்காரரின் ஆளிடமே கூலி பேசிவிடுங்கள்.